ஓடும் கால்களும் தாங்கும் வலிமையும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே ஓட்டம் ஒரு பழக்கமாக வேரூன்றி வருகின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் தென்னாசிய மரபினரை அதிகம் வாட்டுவதால், நடக்குமாறும் ஓடுமாறும் வைத்தியர் சொல்ல, நாற்பதைக் கடந்தவர்கள் சப்பாத்து வாங்குகின்றனர். எமது பிள்ளைகளோ பாடசாலை மெய்வல்லுநர் அணிகளிலும் ஊர்க் கழகங்களிலும் சேர்ந்து ஓடுகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், தொடங்கிய சில மாதங்களிலேயே நின்றுவிடுவோரும் இவர்களுள் பலர். முழங்கால் நோகின்றது, முன்காலெலும்பு கடுக்கின்றது, குதிக்கால் விறைக்கின்றது என்பார்கள். ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் ஓடுவார்கள், மீண்டும் நோகும். இறுதியில் “ஓட்டம் எங்கள் உடம்புக்கு ஒத்துவராது” என்ற தீர்ப்போடு சப்பாத்து மூலைக்குப் போய்விடும்.

இத்தீர்ப்பு சரியானதா? இதற்கு விடை தேடுவோர் வைத்திய நூல்களை மட்டுமன்றி வரலாற்றையும் புரட்டிப் பார்க்கலாம். ஓடுபவனின் கால் ஏன் நோகின்றது என்ற கேள்வியை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் கேட்டிருக்கின்றனர். படைவைத்தியர்களும், சப்பாத்துத் தொழிலாளியும், தபால் திணைக்கள ஊழியரும், பொறியியலாளரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் கண்ட விடைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எமக்கு வேண்டிய பாடம் தெளிவாகின்றது.

படையினரின் பாதங்கள்

1855ஆம் ஆண்டில் பிரைத்ஹவுப்ற் என்ற பிரஷ்யப் படைவைத்தியர், நீண்ட அணிநடைக்குப் பின் இளம் படையினரின் பாதங்கள் வீங்கி நோவதைக் குறித்து எழுதினார். அவர்கள் விழவில்லை, அவர்களை எவரும் அடிக்கவுமில்லை. ஆயினும் நடக்க முடியாதவர்களானார்கள். காரணம் அன்று விளங்கவில்லை. 1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, அப்பாதங்களின் நீண்ட மெல்லிய எலும்புகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தமை வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே அடியால் முறியாத எலும்பு, பல்லாயிரம் சிற்றடிகளால் வெடிக்கும் என்பதை உலகம் அறிந்துகொண்டது.

இதே காலத்தில், 1892இல், ஜூலியஸ் வூல்ஃப் என்ற ஜேர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் எலும்பைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். எலும்பு கல்லைப்போல் மாறாத பொருளன்று. தன்மீது விழும் பாரத்துக்கேற்பத் தன்னைத் தானே திருத்தி அமைத்துக்கொள்ளும் உயிர்ப்பொருள் என்பது அவர் கொள்கை. பாரம் கூடினால் எலும்பு உறுதி பெறும். பாரம் குறைந்தால் மெலியும். பிற்கால ஆய்வுகள் அவருடைய கணக்குகள் சிலவற்றைத் திருத்தினவாயினும், அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண்பாடு தோன்றும். பாரமே எலும்பை வெடிக்கச் செய்கின்றது. அதே பாரமே எலும்பை வலுப்படுத்தவும் செய்கின்றது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பது காலம். புதிய பாரம் விழுந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதிகளை அரித்து அகற்றுகின்றது. பின்னரே புதியதைக் கட்டுகின்றது. வீடு திருத்துபவர் பழைய சுவரை இடித்த பின்பு புதிய சுவரை எழுப்புவது போன்றது இது. இடித்தலுக்கும் எழுப்புதலுக்கும் இடையிலான வாரங்களில் எலும்பு பலவீனமாகவே இருக்கும். அவ்வேளையில் பாரத்தை மேலும் மேலும் ஏற்றினால் வெடிப்பு நிகழும். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் பல மாதங்கள் வேண்டும். “மூச்சு வாங்கவில்லை, இன்னும் ஓடலாம்” என்று புதிதாக ஓடுபவர் எண்ணும்போது, அவருடைய கால்கள் அதற்கு இன்னும் ஆயத்தமாகியிருப்பதில்லை.

பளுவைக் கண்டு அஞ்சிய காலம்

பண்டைய கிரேக்கத்தில் குரோற்றன் நகரத்து மைலோ என்ற மல்லன், ஒரு கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, இறுதியில் முழுக் காளையையே தூக்கினான் என்றும் ஒரு கதை உண்டு. கதையாயினும் அதனுள் ஒரு நெறி இருக்கின்றது: பாரம் சிறிது சிறிதாக ஏறவேண்டும், இடைவிடாது ஏறவேண்டும்.

இந்நெறியை வைத்தியத் துறைக்குக் கொண்டுவந்தவர் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்கப் படைவைத்தியர். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் காயமுற்ற படையினர் சிக்காகோவின் இராணுவ வைத்தியசாலையொன்றில் நிறைந்திருந்தனர். சத்திரசிகிச்சைக்குப் பின் அவர்களது கால்கள் சூம்பிக் கிடந்தன. இலேசான பாரத்தைப் பல தடவை தூக்குவித்தலே அன்றைய வழக்கம். டிலோர்ம் கனத்த பாரத்தைச் சில தடவைகள் தூக்குவித்தார். தசை வலுப்பெறப் பாரத்தைக் கூட்டினார். இளமையில் வாதக்காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் பளு தூக்கித் தம்மைத் தேற்றிக்கொண்டவர் அவர். 1945இல் தமது முறையை வெளியிட்டார். 1948இல் சக வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து அதனை எளிமைப்படுத்தினார். பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய பாரம் எதுவோ அதனை அளவாகக் கொண்டு, அதன் பாதியைப் பத்து முறையும், முக்காற்பங்கைப் பத்து முறையும், முழுவதையும் பத்து முறையும் தூக்குதல் என்பதே அத்திட்டம். இன்று உடற்பயிற்சி நிலையங்களில் நடப்பது பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

ஆயினும் ஓட்டக்காரர் பளுவின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பளு தூக்குபவனின் தசை இறுகிக் கட்டையாகிவிடும், வேகம் போய்விடும் என்ற நம்பிக்கை பயிற்றுநரிடையே வேதவாக்காக இருந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீற்றர் கார்ப்போவிச் என்ற உடற்றொழிலியல் அறிஞரும் இதனை நம்பியவரே. 1940இல் அவர் கற்பித்த ஸ்பிறிங்ஃபீல்ட் கல்லூரிக்குப் புகழ்பெற்ற பளுதூக்கும் வீரர்கள் வந்தனர். கட்டுமஸ்தான உடல் கொண்ட ஜோன் கிறிமெக்கைப் பார்த்து, “உமது முதுகின் நடுவே சொறிய முடியுமா?” என்று அவர் கேட்க, கிறிமெக் எவ்விதச் சிரமமுமின்றிச் சொறிந்து காட்டினார். அறிஞர் தம் நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தினார். பளு தூக்குபவர்களும் தூக்காதவர்களுமாகச் சில நூறு பேரின் கைவேகத்தை அளந்து 1951இல் வெளியான ஆய்வு, பளு தூக்குபவர்களே வேகமானவர்கள் என்று கூறியது. தமது கருத்துக்கு எதிராக வந்த முடிவைத் தாமே வெளியிட்டமைக்காக அவரை நாம் மெச்சவேண்டும்.

மணல்மேடும் மலைச்சரிவும்

ஆய்வுகூடம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, மைதானத்தில் சிலர் முன்னே ஓடிவிட்டனர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீற்றர், 10000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக், கனத்த இராணுவச் சப்பாத்துடன் ஓடிப் பயின்றவர். 1968இல் தமது நாட்டின் சுதந்திர இயக்கத்தை ஆதரித்தமைக்காகப் படையிலிருந்து நீக்கப்பட்டு உடலுழைப்பு வேலைக்குத் தள்ளப்பட்டவரும் அவரே.

அவுஸ்திரேலியாவின் பேர்சி செருட்டி 1895இல் மெல்பேர்ணில் பிறந்தவர். தபால் திணைக்கள ஊழியர். நாற்பத்துமூன்று வயதளவில் உடலும் மனமும் நொறுங்கிப்போய், பின்னர் உணவாலும் நடையாலும் ஓட்டத்தாலும் பளுவாலும் தம்மை மீட்டெடுத்தவர். ஐம்பது வயதைத் தாண்டியபின் மரதன் ஓடியவர். போட்சீ என்ற கடற்கரையூரில் அவர் அமைத்த முகாமில் இளைஞர்கள் மணல்மேட்டில் ஏறி ஓடினார்கள். கனத்த பளுவும் தூக்கினார்கள். அவர்களுள் ஒருவர் ஹேர்ப் எலியட். பியானோவொன்று காலில் விழுந்து பாதமெலும்பு உடைந்து ஓட்டத்தையே கைவிட்டிருந்த இவ்விளைஞர், 1956இன் மெல்பேர்ண் ஒலிம்பிக்கைக் கண்டு மனம் மாறிச் செருட்டியிடம் சென்றார். 1958இல் மைல் ஓட்டத்தை 3 நிமிடம் 54.5 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை 3 நிமிடம் 35.6 செக்கனில் ஓடித் தங்கமும் உலக சாதனையும் ஒருங்கே பெற்றார். வளர்ந்தோர் பிரிவில் மைல் ஓட்டத்திலோ 1500 மீற்றரிலோ அவரை எவரும் வென்றதில்லை. பளு தூக்கினால் வேகம் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேறெதுவும் தேவையில்லை.

அதே ரோம் நகரில் இன்னொரு செய்தியும் பிறந்தது. ஒக்லண்ட் நகரில் சப்பாத்துத் தொழிலாளியாக இருந்த ஆதர் லிடியார்ட் பயிற்றிய மூவர், நியூசிலாந்தென்ற சிறு நாட்டுக்காகப் பதக்கங்களை அள்ளினர். பீற்றர் ஸ்நெல் 800 மீற்றரிலும் மறி ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கம் பெற்றனர். பரி மகீ மரதனில் வெண்கலம் பெற்றார். லிடியார்டுக்குப் பளு தூக்குதலில் ஈடுபாடு இருக்கவில்லை. வாரத்துக்கு 100 மைல் ஓடச் செய்தவர் என்றே அவர் நினைவுகூரப்படுகின்றார். ஆனால், அம்மைல்களுக்கும் போட்டிக்கும் இடையே அவர் ஒரு கட்டத்தை வைத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பல வாரங்கள் மலைச்சரிவில் முழங்காலை உயர்த்தி, கணுக்காலால் உந்தி, துள்ளித் துள்ளி ஏறவேண்டும். இரும்புக் குண்டுக்குப் பதிலாகச் சொந்த உடலின் பாரத்தையே சரிவில் தூக்குதல் இதுவாகும். பெயர் வேறாயினும் வேலை ஒன்றே.

இதற்கிடையே இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோர்கன், அடம்சன் என்ற இருவர் 1953இல் ஒரு புதுமுறையை வகுத்தனர். ஒரு மண்டபத்தில் பல இடங்களில் பல பயிற்சிகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாணவர் சுற்றிவரும் முறை அது. அதிக உபகரணமும் அதிக செலவும் வேண்டியதில்லை. இம்முறையையும் பளுவையும் இணைத்துப் பயன் கண்டவர்களுள் சிறந்தவர் செபஸ்ரியன் கோ. பொறியியலாளரான தந்தை பீற்றர் கோ ஓட்டத்தைத் திட்டமிட, லஃப்பரோ பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் கண்டி வலிமைப் பயிற்சியைக் கவனித்தார். 1979இல் 41 நாட்களுக்குள் 800 மீற்றர், மைல், 1500 மீற்றர் ஆகிய மூன்று உலக சாதனைகளை நிலைநாட்டிய அவர், பார்வைக்கு மெலிந்த இளைஞராகவே இருந்தார். வலிமை வேறு, பருமன் வேறு என்பதற்கு அவர் உடலே சாட்சி. தொடக்க மாதங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் தசைகளைத் திறம்பட ஏவக் கற்றுக்கொள்வதனால் வருவது. தசை பருப்பதனால் வருவதன்று.

எல்லோரும் ஓடத் தொடங்கிய காலம்

இதுவரை நாம் கண்டது வீரர்களின் கதை. 1962இல் நியூசிலாந்து சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் போவர்மன், லிடியார்டின் ஊரில் வயதானவர்களும் மெல்லோட்டம் ஓடுவதைக் கண்டு வியந்து, அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1968இல் வைத்தியர் கெனத் கூப்பரின் நூல் வெளிவந்தது. 1972இல் மியூனிக் மரதனில் பிராங் ஷோர்ட்டர் தங்கம் வென்றார். 1970இல் 127 பேருடன் தொடங்கிய நியூயோர்க் மரதன் பின்னர் பல்லாயிரம் பேரின் திருவிழாவாயிற்று. 1981இல் லண்டனும் சேர்ந்துகொண்டது.

மக்கள் ஓடினார்கள், மக்களின் கால்கள் நொந்தன. ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள். ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு, மூன்று மடங்கு விசை நிலத்திலிருந்து திரும்புகின்றது. நாளெல்லாம் கதிரையில் அமர்ந்திருந்த கால்கள் இதனை எவ்வாறு தாங்கும்? ஆனால், நோவுக்கான காரணம் காலுக்கு வெளியேதான் தேடப்பட்டது. சப்பாத்து நிறுவனங்கள் தடித்த மெத்தைகளையும் பாதம் சரியாமல் தடுக்கும் கட்டைகளையும் வைத்தன. ஓடுமுன் தசையை இழுத்து நீட்டுமாறு எல்லோரும் சொன்னார்கள். நொந்த இடத்துக்கு ஓய்வும் பனிக்கட்டியும் கட்டும் என்று 1978இல் கேப் மேர்க்கின் என்ற வைத்தியர் எழுதிய சூத்திரம் உலகெங்கும் பரவியது.

இவற்றின் பிற்கதையையும் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியப் படையில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், பயிற்சிக்கு முன் தசையை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பனிக்கட்டி குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மேர்க்கினே பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

பெண்களின் கதை இன்னும் கசப்பானது. 1928இல் அம்ஸ்ரர்டாமில் பெண்கள் 800 மீற்றர் ஓடிக் களைத்ததைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, 1960 வரை ஒலிம்பிக்கில் அவர்களுக்கு அவ்வோட்டம் மறுக்கப்பட்டது. பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதன் 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில்தான் நடந்தது. அதனை வென்ற ஜோன் பெனோயிற், தகுதிகாண் போட்டிக்கு 17 நாட்களுக்கு முன்னர் முழங்காலில் சத்திரசிகிச்சை பெற்றவர். பலவீனமானவர்கள் என்று அரை நூற்றாண்டாக ஒதுக்கப்பட்ட பெண் குலத்துக்கு அவர் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் விடையளித்தார்.

சுவீடன் வைத்தியரின் குதிக்கால்

1990களில் சுவீடனின் ஊமியோ நகரில் ஹொக்கன் அல்ஃபிரெட்சன் என்ற எலும்பு வைத்தியர் குதிக்கால் தசைநாண் வலியால் அவதியுற்றார். தமக்குச் சத்திரசிகிச்சை செய்யுமாறு மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். தசைநாண் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்றெண்ணி, நோகின்ற காலுக்கு வேண்டுமென்றே கடும் பயிற்சி கொடுத்தார். அறுக்க எண்ணிய தசைநாண் அறவில்லை, மாறாகக் குணமாகிவிட்டது. இக்கதையை அவரே கூறியிருக்கின்றார்.

அதன்பின் அவர் செய்ததே முக்கியமானது. நீண்டகால வலியுடைய 15 பேருக்கு 12 வாரங்கள் இப்பயிற்சியைக் கொடுத்து 1998இல் முடிவை வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதியை மெல்லக் கீழே இறக்கவேண்டும். ஏறும்போது நல்ல காலால் ஏறவேண்டும். முழங்காலை நிமிர்த்தி 15 தடவைகள் மூன்று சுற்று, சிறிது மடித்து 15 தடவைகள் மூன்று சுற்று, காலையும் மாலையும். வலி குறைந்ததும் முதுகுப் பையில் பாரம் வைத்துத் தொடரவேண்டும். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு, கனத்த பாரத்தை மெதுவாகத் தூக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாட்கள் செய்தாலும் இதற்கு நிகரான பயன் கிட்டும் என்று காட்டியது. ஓய்வினால் மட்டும் ஆறாத காயத்தை, அளவான பாரம் ஆற்றியது.

1999இல் பின்லாந்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஓட்டப் பயிற்சியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் குறைத்து, அந்நேரத்தில் பாய்தலும் வேகமான பளுப் பயிற்சியும் ஒன்பது வாரங்கள் செய்தவர்கள், 5 கிலோமீற்றரை முன்னிலும் விரைவாக ஓடினார்கள். அவர்களது உடல் உள்வாங்கும் ஒட்சிசனின் உச்ச அளவு கூடவில்லை. கால் விறைப்பான வில்லைப்போல் தெறித்தெழக் கற்றுக்கொண்டமையால், அதே மூச்சில் அதிக வேகம் கிடைத்தது.

அப்படியானால் வலிமைப் பயிற்சி காயத்தைத் தடுக்குமா? இங்கே நாம் நிதானமாகப் பேசவேண்டும். 25 ஆய்வுகளில் பங்கேற்ற 26,610 பேரின் விபரங்களைத் தொகுத்து 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வு, வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றிலொரு பங்குக்கும் கீழாகக் குறைத்தது என்றது. ஆனால், அவர்களுள் பலர் உதைபந்தாட்டம் போன்ற அணி விளையாட்டுக்காரர்கள். ஓட்டக்காரரைத் தனியே எடுத்தால் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. நியூயோர்க்கில் முதன்முறை மரதன் ஓடிய 720 பேருள் ஒரு பிரிவினரிடம், வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடப் பயிற்சியைத் தாமாகவே செய்யுமாறு சொல்லப்பட்டது. 2020இல் வெளியான முடிவின்படி காயங்கள் குறையவில்லை. அதே ஆண்டில் பிரேசிலில் 118 பேரிடம் நடந்த ஆய்விலோ, பாதத் தசைகளுக்குப் பயிற்சி செய்யாதவர்கள் காயமுறும் வாய்ப்பு செய்தவர்களிலும் 2.42 மடங்காக இருந்தது. 2024இல் பின்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 325 பேரை ஆராய்ந்தபோது, இடுப்பையும் வயிறு முதுகுப் பகுதியையும் வலுப்படுத்தியவர்களிடம் மிகைப்பாவனைக் காயங்கள் ஏறத்தாழ 39 வீதம் குறைவாக இருந்தன. கணுக்காலையும் பாதத்தையும் மட்டும் பயின்றவர்களிடம் அக்குறைவு இல்லை.

இவ்வேறுபாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? பின்லாந்தில் வாரந்தோறும் ஒரு பயிற்றுநர் அருகில் நின்று திருத்தினார். நியூயோர்க்கில் பயிற்சி அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. இதுவே முழுக் காரணம் என்று நாம் அறுதியிடவில்லை. எனினும், வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புதுமையான செய்தியன்று. “வீட்டில் படித்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிடுவதற்கும், பக்கத்தில் நின்று கொப்பியைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள்.

எமக்குரிய பாடம்

எமது ஊரில் ஓடியவர்கள் பளு தூக்கியதில்லையே, அவர்கள் நொண்டவில்லையே என்று சிலர் கேட்பார்கள். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த கால்களையும், மண்வெட்டி பிடித்த இடுப்பையும், பனையேறிய பாதங்களையும், மைல்கணக்கில் சைக்கிள் உழக்கிப் பாடசாலைக்கு வந்த தொடைகளையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். வலிமைப் பயிற்சி என்ற பெயர் அங்கே இருக்கவில்லை. அந்த வேலை நாள்தோறும் நடந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடவந்த பிள்ளை, பாரம் தாங்கிப் பழகிய கால்களுடனேயே வந்தது. இன்று எமது பிள்ளை பேருந்தில் போய், கதிரையில் இருந்து, மின்தூக்கியில் ஏறி வீடு சேர்கின்றது. பெற்றோருள் பலர் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாளெல்லாம் நின்று களைக்கின்றனர். ஆனால், ஒரே இடத்தில் நிற்றல் காலைக் களைக்கச் செய்யுமேயன்றி வலுப்படுத்தாது. ஊரில் உழைப்பு தந்ததை இங்கு நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

அதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம் போதும். படியில் நின்று குதியை உயர்த்தி இறக்குதல். கதிரையில் அமர்வதுபோல் குந்தி எழுதல். ஒற்றைக் காலால் படியேறி இறங்குதல். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துதல். முழங்கையும் பாதமும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிமிர்த்தி நிற்றல். இவை இலகுவானதும் புத்தகப்பையை முதுகில் மாட்டிக்கொள்ளலாம். அதன்பின் பளுவுக்குப் போகலாம். மைலோவின் கன்றைப்போல் பாரம் மெல்ல மெல்ல வளரட்டும். ஓடும் தூரத்துக்கும் இதே நெறி பொருந்தும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பொறுமைக்குச் சொன்னதேயன்றி, ஒரே நாளில் அம்மியை உருட்டச் சொன்னதன்று.

எச்சரிக்கைகளும் உண்டு. எலும்பின் மேல் ஒரு புள்ளியில் விரலால் அழுத்தினால் நோவும், இரவிலும் நோவும் இருக்குமாயின் அது வெடிப்பாக இருக்கலாம். அங்கே பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும். இதய நோயும் நீரிழிவும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். ஓடும் பெண் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒன்று: மெலியவேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டு அதிகம் ஓடும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால், அதனைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். எலும்பு மெலிகின்றது என்பதற்கு அது அறிகுறியாகலாம். போதிய உணவில்லாத உடலில் எந்தப் பயிற்சியும் எலும்பைக் கட்டாது. பளு தூக்கினால் பெண் பிள்ளை ஆண்போல் ஆகிவிடுவாள் என்ற அச்சமும் வேண்டாம். 1928இல் பத்திரிகைக்காரர் கொண்ட அச்சத்தின் இன்னொரு வடிவமே அது.

எமது சங்கங்கள் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்துகின்றன. கிண்ணங்களுக்கும் பதாகைகளுக்கும் பணம் சேர்க்கின்றன. விழாவுக்கு ஆறு மாதம் முன்பே, வார இறுதித் தமிழ் வகுப்பு நடக்கும் அதே மண்டபத்தில், வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் பிள்ளைகளைச் சுற்றுப் பயிற்சி செய்விக்க ஒருவரை நியமித்தால் என்ன? லீட்ஸில் 1953இல் தொடங்கிய முறைக்கு ஒரு மண்டபமும் சில கதிரைகளும் போதும். அருகில் நின்று திருத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எமது ஒவ்வொரு நகரத்திலும் இருக்கின்றார் என்றே நாம் நம்புகின்றோம்.